மலைச்சரிவில் ஊர் உணவு மையம்: நீரும் குளிரும் அறிந்து கட்டும் முறை

நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர், கேத்தி வட்டாரங்களில் விளையும் கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் அறுவடையானவுடன் மூட்டை கட்டப்பட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடுகின்றன. விலை சரிந்த நாளிலும் அவை இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் கெடாமல் வைத்திருக்க ஊரில் இடம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தை ஊராரே சேர்ந்து அமைத்துக்கொள்வது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விளைபொருளைச் சேர்த்துத் தரம் பிரிக்கும் களம், கிடங்கு, விதையும் சிறுதானியமும் காக்கும் அறை, பொதுச் சமையலறை, சிறு விற்பனை முகப்பு ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழோ அடுத்தடுத்த இரண்டு கூரைகளின் கீழோ அமையும் கட்டடத்தையே இங்கு உணவு மையம் என்கிறேன்.

இத்தகைய மையம் என்றதும் கான்கிரீட் தூண், தகரக் கூரை, உள்ளே ஒரு குளிர்பதன இயந்திரம் என்ற சமவெளி வரைபடத்தை அப்படியே மலைக்குத் தூக்கி வருவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் மலை நமக்குக் குளிரை விலையில்லாமல் தருகிறது. அதற்கு ஈடாக நீரை மதிக்கச் சொல்கிறது. ஆகவே இரவுக் குளிரை உள்ளே வாங்கி வைப்பது, மழைநீரைக் கட்டடத்தைத் தொடாமல் வழியனுப்புவது என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே சுவரையும் கூரையையும் பற்றிப் பேச வேண்டும். ஹட்டிகள் எனப்படும் பழைய படகர் ஊர்களின் வீட்டு வரிசைகள் இந்த ஒழுங்கில்தான் அமைந்திருக்கின்றன.

என்னென்ன வரும், எவ்வளவு வரும்

வரைபடம் போடுவதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் ஒரு கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் எந்தப் பயிர் எத்தனை மூட்டை வருகிறது, அதில் எவ்வளவு தேங்குகிறது என்பதே கிடங்கின் அளவைத் தீர்மானிக்கும். ஒரு டன் உருளைக்கிழங்கு ஏறத்தாழ ஒன்றரை கன மீட்டர் இடம் பிடிக்கும். ஐந்து டன்னுக்கு ஏழரை கன மீட்டர் என்று வைத்து, நடக்கவும் காற்றோடவும் அதைப் போல ஒன்றரை மடங்கு இடத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் அறையின் அளவு கிடைத்துவிடும். ஊருக்கு எட்டு டன் போதுமென்றால் எட்டு டன்னுக்கே கட்டுங்கள். பாதி காலியாகக் கிடக்கும் பெரிய கிடங்கைக் குளிர வைப்பதும் ஈரம் காப்பதும் கடினம். கோத்தகிரியில் 2013-ல் தொடங்கப்பட்ட ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் தன் உற்பத்தி மையங்களைச் சிற்றூர்களிலேயே சிறியனவாக நடத்துவதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

கூட்டத்துக்கு நிலமுள்ளவர்களை மட்டும் அழைத்தால் மையம் வெறும் காய்கறிக் கிடங்காக முடிந்துவிடும். படகர் தானியமும், தோடர் பால்பொருளும், கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும், குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்த மலை இது. தேனும் கடுக்காயும் சாமையும் கொண்டுவரும் பழங்குடிப் பெண்களும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் திட்டமிடும் நாளிலேயே உடனிருக்க வேண்டும். சமையலறை மேடையின் உயரம் முதல் விற்பனை முகப்பின் நேரம் வரை அவர்களுடைய தேவை வேறாக இருக்கும்.

இடத்தை மழையில் போய்ப் பாருங்கள்

மனைத் தேர்வைக் கோடையில் செய்யக் கூடாது. ஐப்பசி மழை வலுத்துப் பெய்யும் நாளில் குடை பிடித்துக்கொண்டு மனையின் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை நடந்து, நீர் எங்கே ஊறுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே மண் கலங்கி வருகிறது என்பதைச் சுண்ணாம்புப் பொடியோ முளைக்குச்சியோ கொண்டு குறித்துவிட வேண்டும். மரங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து அடிமரம் வளைந்து நிற்கும் சரிவு, தேயிலை வரிசையில் திடீரெனப் பள்ளம் விழுந்த இடம், கோடையிலும் பச்சை மாறாத ஈரத்திட்டு ஆகியவை மண் நகர்வதற்கான அடையாளங்கள். அங்கே கட்டவே கூடாது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியின் கிழக்குப் பகுதியில் சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வடிகாலின் அகலத்தைச் சராசரி மழைக்காகக் கணக்கிடாமல், இப்படிப்பட்ட நாளுக்காகக் கணக்கிட வேண்டும்.

கட்டடத்தின் நீளம் சரிவின் சமமட்டக் கோட்டை (ஒரே உயரத்தில் செல்லும் கோட்டை) ஒட்டி அமைய வேண்டும். சரிவைக் குறுக்கே வெட்டி ஒரே பெரிய தளம் எடுப்பதைவிட, ஒரு மீட்டர் வேறுபாட்டில் இரண்டு சிறு தளங்களாகப் பிரித்துக்கொள்வது மண்ணுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது. மேல் தளத்தில் மூட்டை இறங்கித் தரம் பிரிக்கும் மேடைக்குப் போய், அங்கிருந்து சறுக்குப் பலகையில் கீழ்த்தளக் கிடங்குக்கு இறங்கினால், ஒரே மூட்டையை இரண்டு முறை தோளில் தூக்க வேண்டியிருக்காது. பிக்கப் வண்டி வந்து நிற்கும் பக்கத்தில் மேடையின் உயரம் வண்டித் தட்டின் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். உங்கள் ஊருக்கு வரும் வண்டியை நிறுத்தி அளந்து பார்த்தே மேடையைக் கட்டுங்கள்.

கட்டடத்தின் பின்சுவருக்கும் வெட்டிய மண்கரைக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியும், அதில் கல் பாவிய வடிகாலும் கட்டாயம். இந்த இடைவெளியை மிச்சப்படுத்திக் கரையோடு சுவரை ஒட்டிவிட்டால் எந்தப் பூச்சும் ஈரத்தைத் தடுக்காது. தாங்குசுவருக்குப் பின்னால் சரளை நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒரு கசிவுத்துளை விட வேண்டும். நீரின் அழுத்தம் வெளியேற வழியில்லாத சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஒரு நாள் சாயும்.

பள்ளத்தாக்கின் அடிப்பகுதியையும் தவிர்த்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் குளிர்காற்று கனத்து இரவில் சரிவு வழியே இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்குவதால்தான் தலைகுந்தா போன்ற இடங்களில் உறைபனி படிகிறது. சரிவின் நடுப்பகுதியில், அந்தக் காற்று கடந்து போகும் வழியில் கட்டடம் இருந்தால், குளிர் நமக்கு வந்து போகும். உறைபனியாக உட்கார்ந்து சமையலறையில் வேலை செய்வோரை வாட்டாது.

எந்தப் பக்கம் முகப்பு

மலையில் தாழ்வாரம் ஆழமாக இருக்க வேண்டும். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சாரல் சுவரை அரித்துவிடும். ஆனால் ஆழமான தாழ்வாரம் குளிர்கால வெயிலையும் மறைக்கும். நீலகிரி சுமார் 11.4 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் நண்பகலில் தெற்கு வானில் சூரியன் 55 பாகை உயரத்தில் நிற்கும். தாழ்வாரத்தின் விளிம்பு தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்திலும் சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால், தெற்குச் சுவரில் நிழல் ஏறத்தாழ 1.3 மீட்டர் இறங்கிவிடும். அதாவது ஜன்னல் முழுவதும் நிழலில்தான் கிடக்கும். காலை எட்டரை மணி வெயிலோ 25 பாகைக்கும் குறைந்த உயரத்தில் தென்கிழக்கிலிருந்து வருவதால், அதே தாழ்வாரத்தின் அடியில் நுழைந்து தரை வரை விழும். ஆகவே சமையலறை, உணவுண்ணும் திண்ணை, தரம் பிரிக்கும் மேடை என மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடங்கள் எல்லாம் கிழக்கு அல்லது தென்கிழக்கு பார்த்து அமையட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையும் கிழக்கிலிருந்தே சாய்த்து அடிக்கிறது. வெயில் வரும் வாசலும் சாரல் வரும் வாசலும் ஒன்றாக இருப்பதால், கிழக்குத் திண்ணையைத் திறந்தவெளியாக விடாமல், இடுப்பளவு கல்சுவரும் அதன்மேல் கழற்றக்கூடிய கண்ணாடிச் சட்டங்களும் வைத்து அடைத்துக்கொள்வதே சரியான தீர்வு என்பது என் கருத்து. தையில் சட்டங்களை மூடியபடியே வெயிலை வாங்கி அறையைச் சூடாக்கலாம், சித்திரையில் கழற்றிவிடலாம். கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கத்து ஊர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே ஆடி மழையும் காற்றும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வருகின்றன. எனவே மேற்குச் சுவரை ஜன்னலில்லாத தடித்த சுவராக்கி, அதற்கு வெளியே விறகு அடுக்கும் கொட்டகையை வைத்துக்கொண்டால் போதும்.

வடக்குப் பக்கம் கிடங்குக்கு உரியது. சூரியன் வடக்கே போகும் மாதங்களில் பெரும்பகுதி மேகமும் மழையுமாக இருப்பதால் வடசுவர் ஆண்டு முழுவதும் குளிர்ந்தே இருக்கும். ஆனால் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், கிடங்கின் கூரைக்கு அடியில் தனிப் பரண் தளமொன்று இருந்தாக வேண்டும். சுவரை விடக் கூரை வழியாகவே கோடை வெப்பம் இறங்கும்.

இயந்திரமில்லாக் கிடங்கு

ஒரே அறையில் எல்லாவற்றையும் வைப்பதுதான் பெரும்பாலான கிடங்குகள் தோற்பதற்குக் காரணம். கேரட்டும் பீட்ரூட்டும் குளிரும் ஈரமும் கேட்பவை. உருளைக்கிழங்கு இவற்றோடு இருட்டையும் கேட்கும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி நஞ்சு ஏறும். பூண்டும் சாமையும் ராகியும் உலர்ந்த காற்றையே விரும்புபவை. பேரிக்காய், பிளம்ஸ், வெண்ணெய்ப்பழம் ஆகியவை பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு பக்கத்திலுள்ள கேரட்டைக் கசக்கச் செய்யும், உருளைக்கிழங்கை முளைவிடத் தூண்டும். எனவே ஈரக்குளிர் அறை ஒன்று, உலர் அறை ஒன்று, பழங்களுக்குத் திண்ணையோரத் தட்டுகள் என மூன்றாகப் பிரியுங்கள்.

ஈரக்குளிர் அறையின் சுவர் 45 சென்டிமீட்டர் தடிமனான கல்சுவராக இருக்கட்டும். பகல் வெப்பம் அதைக் கடந்து உள்ளே வருவதற்குள் இரவாகிவிடும். தரையை சிமெண்டால் மூடாமல் சரளை பரப்பி மேலே செங்கல் அடுக்குங்கள். தண்ணீர் தெளித்தால் அதுவே அறையின் ஈரத்தைக் காக்கும். சரிவின் கீழ்ப்பக்கச் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காற்று நுழையும் திறப்புகளும், எதிர்ச்சுவரின் உச்சியில் வெளியேறும் திறப்புகளும் வேண்டும். எல்லாவற்றுக்கும் எலி நுழையாத நெருக்கமான கம்பிவலையும், மரக்கதவும் அவசியம். உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு வெப்பமானிகளை மாட்டி, வெளிக்காற்று உட்காற்றைவிட இரண்டு டிகிரியாவது குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறப்புகளைத் திறக்க வேண்டும். பெரும்பாலான நாள்களில் அது மாலை மங்கியதிலிருந்து விடியும் வரை இருக்கும். கிடங்குக்குப் பொறுப்பானவர் இந்த ஒன்றைத் தவறாமல் செய்தால் கட்டடம் தன் வேலையைத் தானே செய்யும்.

கேரட் மாதக்கணக்கில் இருக்க 0 டிகிரியை ஒட்டிய குளிர் தேவை. அதை இந்த அறை தராது. ஆனால் விலைச் சரிவைக் கடக்க ஒரு வாரம் பத்து நாளே நமக்குப் போதும். தழையைக் கிள்ளிவிட்டு, கழுவாமல், மண்ணோடு பெட்டியில் அடுக்கினால் அந்த நாள்களைத் தாண்ட முடியும். கழுவுவதை விற்பனைக்குப் போகும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கைத் தோண்டியவுடன் குளிரில் வைக்காமல், காற்றோட்டமான இருட்டில் பத்துப் பதினைந்து நாள் விட்டால் மண்வெட்டிக் காயங்கள் ஆறித் தோல் தடிக்கும்; அதன் பிறகு 7 முதல் 10 டிகிரி வரையிலான குளிரில் நெடுநாள் நிற்கும். அறையின் உட்கூரையைச் சாய்வாக அமையுங்கள். மூச்சுவிடும் கிழங்கின் ஈரம் கூரையில் குளிர்ந்து கிழங்கின் மேலேயே சொட்டினால், சொட்டிய இடத்திலிருந்து அழுகல் தொடங்கும்.

அடுப்பின் சூட்டில் பரண்

நீலகிரியில் பனிமூட்டம் நாள்கணக்கில் நீங்காத மாதங்களில் வெயில் உலர்த்தியை நம்ப முடியாது. பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே இருந்த பரணில் ராகிக் கதிரும் விதை அவரையும் பூண்டுக் கொத்தும் கிடந்ததற்கு இதுவே காரணம்: சூடு உலர்த்தியது, புகை வண்டு அண்டாமல் காத்தது. அந்த அமைப்பைப் புகையின்றி மீட்டுக்கொள்ளலாம். பொதுச் சமையலறையின் அடுப்புகளைப் புகைபோக்கியுள்ள அடுப்புகளாகக் கட்டி, செங்கல் புகைவழியை உலர் அறையின் ஒரு சுவருக்குள்ளாகவே ஏற்றி, கூரை முகட்டுக்கு மேல் வெளிவிடுங்கள். நாள்தோறும் இரண்டு வேளை சமைத்தாலே அந்தச் சுவர் கதகதப்பாக இருக்கும். புகைவழியில் விரிசல் விழுந்தால் நச்சுக் காற்று அறைக்குள் வரும் என்பதால், துப்புரவு செய்ய ஒரு சிறு கதவு வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை கரியைத் தட்டிப் பூச்சைச் சரிபார்க்க வேண்டும்.

உலர் அறையின் மேல்தளம் மூங்கில் பட்டைகளை விரல் இடைவெளியில் அடுக்கிய தளமாக இருக்கட்டும். பூண்டைத் தாளோடு பிடிப்பிடியாகக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். குமிழுக்குச் சற்று மேலே தாளை இரண்டு விரலால் முறுக்கிப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டாமல், தோல் சரசரவென்று ஒலித்தால் பூண்டு தயார். விதை அவரையைப் பல்லால் கடித்தால் பல் பதியாமல் இரண்டாக உடைய வேண்டும். பதிந்தால் இன்னும் சில நாள் பரணில் கிடக்கட்டும்.

சுவரும் கூரையும்

மலையில் கல் உடைப்பதற்குக் கட்டுப்பாடு இருப்பதால், இடித்த பழைய கட்டடங்களின் கல்லையும், மனையை வெட்டும்போது கிடைக்கும் கல்லையும் அடித்தளத்துக்கும் கிடங்குச் சுவருக்கும் ஒதுக்குங்கள். மற்ற சுவர்களுக்கு வெட்டியெடுத்த செம்மண்ணே போதும். கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலுமாகப் படியும். மணல் ஏறத்தாழ பாதியும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் அழுத்தமண் கல்லுக்கு (சுடாமல், அச்சில் அழுத்திச் செய்யும் மண்கல்லுக்கு) ஏற்றது. நம் மலைமண்ணில் களி மிகுதி என்பதால் பெரும்பாலும் மணலோ கல்தூளோ கலக்க வேண்டியிருக்கும். நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சிமெண்ட் சேர்த்து அழுத்திய கல்லை நான்கு வாரம் ஈரமாக மூடிப் பதப்படுத்த வேண்டும். தரைமட்டத்திலிருந்து 60 சென்டிமீட்டர் வரை கல்லால் கட்டி, அதன்மேல் ஈரத்தடுப்பு அடுக்கிட்டு, பிறகே மண்கல் வைக்க வேண்டும். ஜன்னல்களின் தலைமட்டத்தில் சுற்றிலும் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் கட்டு தவிர்க்கக் கூடாதது. மண்சுவருக்கு சிமெண்ட் பூச்சு வேண்டாம்; உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்து, தானும் பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புப் பூச்சே சுவரை மூச்சுவிட வைக்கும்.

கூரைக்கு மங்களூர் ஓடும் 30 பாகைச் சாய்வும் பொருத்தமானவை. தகரம் மலிவு என்றாலும், பனிமூட்ட இரவுகளில் அதன் அடிப்பக்கம் வியர்த்துத் தானியத்தின் மேல் சொட்டும். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை: 8 மீட்டர் அகலக் கட்டடத்தில் இந்தச் சாய்வுக்கு முகடு 2.3 மீட்டர் எழும்பும், 2.7 மீட்டர் சுவரும் 60 சென்டிமீட்டர் பீடமும் சேர்ந்தாலும் 5.6 மீட்டர்தான். சில்வர் ஓக், தைலம், சீகை (வாட்டில்) ஆகிய மரங்கள் கைமரத்துக்கும் சட்டத்துக்கும் பயன்படும். ஆனால் சொந்த நிலத்து மரமானாலும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெட்ட அனுமதி வாங்க வேண்டும். மூங்கிலை வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து, மழை படாத உட்பகுதியில் மட்டும் பயன்படுத்துங்கள். அந்த மருந்து நீரில் கரைந்து போய்விடும்.

நீரைச் சேர்ப்பதும் அனுப்புவதும்

150 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 1,80,000 லிட்டர் கிடைக்கும். ஆனால் 20,000 லிட்டர் தொட்டி என்பது 20 டன் எடை. அதை நிரப்பிய மண்ணின் மேலோ கட்டடத்துக்கு மேற்புறச் சரிவிலோ வைக்காமல், வெட்டிய உறுதியான தளத்தில், கீழ்ப்புறத்தில் வையுங்கள். மிஞ்சும் நீருக்கு உறிஞ்சுகுழி தோண்டும் சமவெளிப் பழக்கத்தைச் சரிவில் பின்பற்றக் கூடாது. சரிவுக்குள் இறக்கும் நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும் என்பதால், அதைக் கல் பாவிய வாய்க்காலில் படிப்படியாக இறக்கி இயற்கை ஓடையில் சேர்த்துவிட வேண்டும். கேரட் கழுவிய நீரை மட்டும் ஓடையில் விடவே கூடாது. மூன்று தொட்டிகளில் அடுத்தடுத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மறுபடி முதல் அலசலுக்கு எடுத்துக்கொண்டு, படிந்த வண்டலைத் தோட்டத்துக்கே திருப்பிவிடுங்கள். அது நம் நிலத்தின் மேல்மண்.

கரடிக்கும் ஒரு திட்டம்

எண்ணெய், வெல்லம், மாவு ஆகியவற்றின் வாசனைக்குக் கரடி கடைக்கதவையும் சமையலறைக் கதவையும் உடைத்து நுழைவது கோத்தகிரி, குன்னூர் மக்கள் நன்கு அறிந்தது. இந்தப் பொருள்களுக்கு வெளிச்சுவர் எதையும் தொடாத நடு அறையை ஒதுக்குங்கள். வெளிக்கதவு வெளிப்புறமாகத் திறக்கும் கனமரக் கதவாகவும், உட்புறம் இரும்புத் தகடு பொருத்தியதாகவும் இருக்கட்டும். வெளியிலிருந்து தள்ளும்போது நிலைச்சட்டமே தாங்கிக்கொள்ளும். எச்சிலையும் காய்கறிக் கழிவும் ஓர் இரவுகூட வெளியே கிடக்கக் கூடாது. உரக்குழிக்குக் கல்சுவரும் பூட்டும் மூடியும் இல்லையென்றால், கரடியோடு காட்டெருமையும் பன்றியும் ஊருக்குள் வரும் வழியை நாமே போட்டுக் கொடுத்தவர்களாவோம்.

எப்போது தொடங்குவது

ஊராட்சி, நகரமைப்பு அலுவலகம் ஆகியவற்றின் அனுமதியோடு, ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ள கிராமமானால் கனிமவளம், வேளாண் பொறியியல், வனம் ஆகிய துறைகளின் கருத்தும் தேவைப்படும். பொக்லைன் கொண்டு மண்ணெடுக்கத் தனி அனுமதி வேண்டும். சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமமும் பெற வேண்டும். இவற்றுக்கு நாளாகும் என்பதால், முந்தைய மழைக்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். தையில் மண்கல் அழுத்தத் தொடங்கி, மாசி, பங்குனியில் அடித்தளமும் சுவரும் எழுப்பி, வைகாசி முடிவதற்குள் ஓடு வேய்ந்துவிட வேண்டும். பணம் பற்றாதபோது விற்பனை முகப்பைத் தள்ளிப்போடலாம். பின்வடிகாலையும் தாங்குசுவரையும் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. கட்டி முடித்த பின்பும் ஆண்டுதோறும் வைகாசிக் கடைசியில் ஒரு நாளும் புரட்டாசிக் கடைசியில் ஒரு நாளும் ஊரார் கூடி, குரங்கு நகர்த்திய ஓடுகளைச் சேர்த்து, கசிவுத்துளைகளைக் கம்பியால் குத்திப் பார்த்து, வடிகாலில் சேர்ந்த சருகையும் மண்ணையும் வாரிவிட வேண்டும். அந்த இரண்டு நாள்களையும் மையத்தின் விதிமுறைப் புத்தகத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.